மிட்டாயா? பொம்மையா? – கொல்லிமலையில இருந்து ஒரு சுங்கவரிச் சந்தேகம்

தலைப்பைப் பார்த்துட்டு "இவனுக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேக்கப் போறவங்களுக்கு: இல்லைங்க. :-)

சுங்கவரின்னா கன்டெய்னர், துறைமுகம், கோட் சூட் போட்ட ஆளுங்க சமாச்சாரம்னு நாம நினைச்சுக்கறோம். ஆனா அந்த வரிப் பட்டியல்ல ஒரு பொருளுக்கு என்ன பேர் வைக்கிறாங்களோ, அந்தப் பேர்தான் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில தொங்குற பாக்கெட்டோட தலையெழுத்தை முடிவு பண்ணுது. அதைச் சோதிச்சுப் பார்த்தாங்களா இல்லையா, யார் சோதிச்சாங்க, குழந்தை வாயில வெச்சா என்ன ஆகும்னு எல்லாமே அந்தப் பேர்ல இருந்துதான் கிளம்புது. அதான் இந்தப் பதிவு.

செம்மேடு பஸ் ஸ்டாண்டு பக்கம், சோளக்காடு சந்தைப் பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க. சாமை, தினை, மிளகு, அன்னாசி, பலா, மலை வாழைன்னு ஒரு பக்கம் விற்கும். இன்னொரு பக்கம் கடை வாசல்ல சரஞ்சரமா பிளாஸ்டிக் தொங்கும். சின்ன செல்போன், சின்ன ஃபேன், டார்ச், விசில், மோதிரம். ஒவ்வொண்ணோட வயித்துலயும் ஒரு குழாய், அதுக்குள்ள கடுகை விடக் கொஞ்சம் பெருசா கலர் கலரா மிட்டாய் உருண்டைகள். எடை போட்டா மிட்டாய் அஞ்சு கிராம் தேறாது, மிச்சமெல்லாம் பிளாஸ்டிக்.

கடைக்கார அக்கா ஒருத்தர்கிட்ட கேட்டேன். "இது மிட்டாய்ங்களா, பொம்மைங்களாக்கா?"

"நான் மிட்டாய்னு சொல்லித்தான் சரம் வாங்கியாரேன் கண்ணு. பசங்க பொம்மைன்னு சொல்லி வாங்கிட்டுப் போறாங்க. நீங்க எப்படி வேணா சொல்லிக்கங்க, பத்து ரூவா."

எனக்குத் தெரிஞ்சு இந்தக் கேள்விக்கு இதை விட நேர்மையான பதில் கிடையாது. இந்த ஒரு வரிக்குள்ள இருக்கற குழப்பத்துக்குத்தான் உலகம் பூரா வக்கீல்கள் ஃபீஸ் வாங்கிட்டு இருக்காங்க.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. திருவிழாவுல ஜவ்வு மிட்டாய்க்காரர் ஞாபகம் இருக்கா? நீளக் கம்பு, உச்சியில பாவாடை கட்டின பொம்மை ஜால்ரா தட்டும். ரோஸ் கலர் மிட்டாயை இழுத்து இழுத்து நம்ம மணிக்கட்டுல வாட்ச் கட்டி விடுவார், விரல்ல மோதிரம் போட்டு விடுவார். அதுவும் மிட்டாய்ப் பொம்மைதான். ஆனா ஒரு வித்தியாசம்: அந்த வாட்ச்சை முழுசாத் தின்னுடலாம், தொண்டைக்குள்ள போகக் கூடாத எதுவும் அதுல மிச்சம் இருக்காது. இப்ப வர்றதுல பாதியை விழுங்கலாம், பாதியை விழுங்கவே கூடாது. எது எதுன்னு பாக்கெட் சொல்லாது, மூணு வயசுக் குழந்தைக்குப் படிக்கவும் தெரியாது.

பேர் வைக்கிற படலம்

உலக சுங்க அமைப்புன்னு பிரஸ்ஸல்ஸ்ல ஒண்ணு இருக்கு. எல்லாப் பொருளுக்கும் எண் குடுக்கற பட்டியல் அவங்களோடது. 1988-ல அமலுக்கு வந்தது, 97 அத்தியாயம். உலக நாடுகள்ல பெரும்பாலானவை இதைத்தான் பின்பற்றுது. முதல் ஆறு இலக்கம் எல்லாருக்கும் பொது, நாம இந்தியாவுல அதை எட்டு இலக்கமா நீட்டி வெச்சிருக்கோம். நம்ம சட்டம் 1975-ஆம் வருஷத்து சுங்கவரிச் சட்டம்.

இதுல சர்க்கரை மிட்டாய்க்கு எண் 1704. கோகோ கலந்தா 1806. (வெள்ளை சாக்லேட்ல கோகோ வெண்ணெய் இருக்கும், கோகோ தூள் இருக்காது. அதனால அது 1704-ல மிட்டாயோட உட்கார்ந்திருக்கு. சாப்பிடறவங்களுக்கு சாக்லேட், சுங்கத்துக்கு மிட்டாய்!) பொம்மைக்கு 9503.

ரெண்டும் ஒட்டிப் பிறந்தா என்ன பண்றது? அதுக்கும் விதி இருக்கு, மூணாவது விதி. அதை மூணு படியா வெச்சிருக்காங்க.

முதல் படி: எந்தத் தலைப்பு அந்தப் பொருளைக் குறிப்பாச் சொல்லுதோ அது ஜெயிக்கும். ஆனா ரெண்டு தலைப்பும் பொருளோட ஒரு பாதியை மட்டும் சொல்லுதுன்னா ரெண்டும் சமம்னு எடுத்துக்கணும். நம்ம மிட்டாய் செல்போன் இந்தப் படியில மாட்டாது.

ரெண்டாவது படி: அந்தப் பொருளுக்கு உயிர் கொடுக்கற பகுதி எது? எடை, பருமன், விலை, பயன்பாட்டுல அதுக்கு இருக்கற பங்கு எல்லாம் பார்த்து முடிவு பண்ணணும்.

மூணாவது படி: அப்பவும் தீரலைன்னா, பட்டியல்ல எந்த எண் கடைசியா வருதோ அது. 1704-க்கும் 9503-க்கும் சண்டைன்னா 9503 தான் கடைசி. அதாவது பொம்மை. நாட்டாமை தீர்ப்பே சொல்ல முடியாம "வரிசையில கடைசியா நிக்கறவன் எடுத்துக்கோ"ன்னு சொல்ற மாதிரி.

இதுக்கு நடுவுல இன்னொண்ணும் உண்டு. ஒரே அட்டையில தனித்தனியா மிட்டாயும் பொம்மையும் வெச்சு வித்தா, ரெண்டும் சேர்ந்து ஒரே தேவைக்காகத்தான் இருக்குன்னு காட்டணும். அப்பதான் அது 'செட்'. இல்லைன்னா மிட்டாய்க்குத் தனி வரி, பொம்மைக்குத் தனி வரி.

இந்தச் சண்டை புதுசில்லை

பேரைச் சொல்லி வரி குறைக்கற கலை ரொம்பப் பழசு. வெற்றிலை காய்கறியா இல்லையான்னு நம்ம உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1961-ல தீர்ப்பு வந்தது. தாவரவியல் என்ன சொல்லுதுன்னு பார்க்காதே, கடைத்தெருவுல ஜனங்க எப்படிப் புரிஞ்சுக்கறாங்கன்னு பார்னு சொன்னாங்க. சரிதானே, காய்கறி வாங்கிட்டு வான்னு அனுப்பினா யாரும் வெற்றிலைக் கட்டோட வீட்டுக்கு வர மாட்டாங்க.

அமெரிக்காவுல இன்னும் தமாஷ். 2003 ஜனவரியில டாய் பிஸ் கம்பெனி வழக்கு. அப்ப அங்க மனுஷ உருவமா இருந்தா 'டால்', 12 சதவீத வரி. மனுஷன் அல்லாததுன்னா 'டாய்', 6.8 சதவீதம். எக்ஸ்-மென் பொம்மைகளை இறக்குமதி பண்ணின கம்பெனியே கோர்ட்ல போய் "இவங்க மனுஷங்களே இல்லை"ன்னு வாதாடி ஜெயிச்சுது. கதையில பாவம் அவங்க "எங்களையும் மனுஷனா மதிங்க"ன்னுதான் போராடிட்டு இருப்பாங்க! தமிழ்ல ரெண்டுக்குமே பொம்மைதான் பேர், நம்ம ஊர்ல இந்த வழக்கே வந்திருக்காது. 2007-ல உலகப் பட்டியலைத் திருத்தினப்ப ரெண்டையும் 9503-ங்கற ஒரே தலைப்புக்குள்ள போட்டுட்டாங்க.

நமக்குப் பக்கத்துல நடந்தது ஒண்ணு சொல்றேன். கொல்லிமலை இருக்கற நாமக்கல் மாவட்டம் 1997-க்கு முன்னாடி சேலம் மாவட்டத்துல இருந்தது. அந்த சேலம் கலால் ஆணையர் பேர்லயே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துல பல வருஷம் ஓடிச்சு. சின்ன பாட்டில், சின்ன பாக்கெட்ல வர்ற தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெயா? தலைக்குத் தேய்க்கற எண்ணெயா? 2018-ல ரெண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் சொன்னாங்க. 2024 டிசம்பர்ல மூணு பேர் அமர்வு, பாட்டில் சின்னதா இருக்குங்கறதுக்காக மட்டும் அது கூந்தல் எண்ணெய் ஆயிடாது, சமையல் எண்ணெய்தான்னு முடிச்சு வெச்சுது.

இவ்வளவு வருஷம் ஏன் இழுத்துச்சு? எண்ணெய் மேல இருந்த பாசமா? இல்லை. ரெண்டு பேருக்கும் ரெண்டு வரி. அந்தத் தீர்ப்பு வந்த சமயத்துல ஜி.எஸ்.டியிலயே சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், கூந்தல் எண்ணெய்க்கு 18. அப்புறம் 2025 செப்டம்பர் 22-ல கூந்தல் எண்ணெயும் 5-க்கு இறங்கிச்சு. இனிமே இந்த ஜி.எஸ்.டிக்காக யார் கோர்ட் படி ஏறுவாங்க? வரி வித்தியாசம் போச்சுன்னா சண்டையும் போயிடும். அதே நாள்லதான் பாகு மிட்டாயும், எலெக்ட்ரானிக் இல்லாத பொம்மையும் 12-ல இருந்து ஒரே 5 சதவீதத்துக்கு வந்துச்சு.

ஆனா அது உள்நாட்டு வரி. துறைமுகத்துக் கதை வேற.

எழுபது

2018 பட்ஜெட்ல பொம்மைக்கு இறக்குமதி வரி 10-ல இருந்து 20 ஆச்சு. 2020 பட்ஜெட்ல 20-ல இருந்து ஒரே தாவா 60. 2023-ல 70. நம்ம மலைக்கு எத்தனை வளைவோ அத்தனை சதவீதம். மிட்டாய்க்கு அதுல பாதி கூடக் கிடையாது.

உள்ளூர்ப் பொம்மைத் தொழில் பிழைக்கணும்னு ஏத்தினாங்க, அதுல எனக்குச் சண்டை இல்லை. ஆனா வரி ஒரு பக்கம் எழுபது, ஒரு பக்கம் அதுல பாதிக்கும் கீழேன்னா, அஞ்சு கிராம் மிட்டாயைப் போட்டு "ஐயா இது மிட்டாய்ங்க, பிளாஸ்டிக் சும்மா டப்பாங்க"ன்னு சொல்லத் தோணுமா தோணாதா? வியாபாரியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. மேட்டுல தண்ணி ஊத்தினா பள்ளத்துக்குத்தான் ஓடும்.

அரசாங்கத்துக்கு வரி கொஞ்சம் குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகுதுங்க, அது எனக்குப் பெரிய கவலை இல்லை. என் கவலை வேற.

2020-ல பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டாங்க, 2021 ஜனவரி 1-ல இருந்து அமல். அதுக்கப்புறம் பொம்மைன்னா ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கணும். கூர் முனை இருக்கா, சின்னப் பாகம் கழண்டு வருமா, பெயின்ட்ல ஈயம் மாதிரி உலோகம் இருக்கான்னு சோதிச்சுத்தான் முத்திரை. மிட்டாய்க்கு அது வேண்டாம். அதுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை தனி. என்ன சேர்த்திருக்கு, என்ன கலர், இறக்குமதி பண்றவர் யார், உரிமம் எண் என்ன, எல்லாம் லேபிள்ல வேணும். துறைமுகத்துக்கு வர்றப்ப ஆயுள்ல 60 சதவீதமோ மூணு மாசமோ, எது குறைவோ அதாவது மிச்சம் இருக்கணும். ரெண்டுமே நல்ல சட்டம்.

சிக்கல் எங்கன்னா, சரக்கு வந்ததும் பில் ஆஃப் என்ட்ரியில போடற எண்ணை வெச்சுத்தான் கம்ப்யூட்டர் எந்தத் துறைக்குத் தகவல் போகணும்னு பிரிக்குது. 1704-ன்னு போட்டா உணவுத் துறை வாசல். 9503-ன்னு போட்டா பொம்மைச் சோதனை வாசல். ஒரு எண், ஒரு வாசல். பாதி மிட்டாய் பாதி பொம்மை ஒரு வாசல் வழியா உள்ள வந்துட்டா, இன்னொரு பாதியை அங்க யார் பார்ப்பாங்க?

மிட்டாய்னு வந்தா, உருண்டையோட கலரைச் சோதிப்பாங்க. அதைச் சுத்தி இருக்கற செல்போனோட பட்டன் கழண்டு வருமான்னு யாரும் இழுத்துப் பார்க்கற கட்டாயம் இல்லாமப் போகும். பொம்மைன்னு வந்தா, பட்டனை இழுத்துப் பார்ப்பாங்க, உருண்டையில என்ன சாயம்னு பார்க்க ஆள் இருக்காது.

சாயம்னதும் ஞாபகம் வருது. 2024 பிப்ரவரியில தமிழ்நாட்டுல பஞ்சு மிட்டாயைத் தடை பண்ணினாங்களே, ஏன்? ரோடமைன்-பி சாயம் கலந்திருக்குன்னு ஆய்வுல தெரிஞ்சது. அதை ஆய்வுக்கு அனுப்ப முடிஞ்சதே அது உணவுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதால. யாராவது அதே பஞ்சு மிட்டாயை ஒரு பிளாஸ்டிக் கரடி வயித்துல அடைச்சு, கரடின்னு பேர் போட்டுக் கொண்டு வந்திருந்தா?

சிரிக்கிற பாவை

கொல்லிமலைன்னா கொல்லிப்பாவை. சங்க காலத்துல இருந்தே பேசற கதை. அழகான பாவை, பார்த்தவங்களைச் சிரிச்சு மயக்கி உயிரை எடுக்குமாம். பாவைன்னா பொம்மைதான். அழகா இருக்கற பொம்மையை நம்பாதேன்னு ரெண்டாயிரம் வருஷமாச் சொல்லிட்டு இருக்கற மலை இது.

2017-ல ஆந்திராவுல ஏலூர்ல நாலு வயசுப் பையன் ஒருத்தன், நொறுக்குத் தீனி பாக்கெட்டுக்குள்ள இலவசமா இருந்த பிளாஸ்டிக் பொம்மையைத் தின்பண்டம்னு நினைச்சு விழுங்கி மூச்சுத் திணறி இறந்து போனான். தின்பண்டம் தின்பண்டமா இருந்தது, பொம்மை பொம்மையா இருந்தது. ரெண்டும் ஒரே பாக்கெட்ல இருந்ததுதான் எமன்.

அமெரிக்கா இதை முன்னாடியே யோசிச்சிருக்கு. 1938-ல போட்ட உணவுச் சட்டத்துலயே, மிட்டாய்க்குள்ள தின்ன முடியாத பொருளைப் புதைச்சு விக்கக் கூடாதுன்னு இருக்கு. அதனாலதான் 1974-ல இத்தாலியில பிறந்த கிண்டர் சர்ப்ரைஸ் முட்டை அங்க உள்ள போக முடியாது. டூரிஸ்ட் பெட்டியில கொண்டு போனாலும் பிடுங்கிக்குவாங்க. அதே கம்பெனி கிண்டர் ஜாய்னு முட்டையை ரெண்டாப் பிளந்து, ஒரு பாதியில இனிப்பு, ஒரு பாதியில பொம்மை, ரெண்டுக்கும் தனித்தனி மூடின்னு பண்ணினாங்க. நம்ம நாட்டுல மகாராஷ்டிரா பாராமதியில தயாராகறது அதுதான். ஆக, ரெண்டு குணம் உள்ள பொருளுக்கு ரெண்டு பக்கமும் யோசிச்சுப் பண்ண முடியும். பெரிய கம்பெனியால முடியறது, சரம் சரமா வர்ற பேரில்லாச் சரக்குக்கு மட்டும் ஏன் கேக்கக் கூடாது?

இங்க இன்னொரு கணக்கும் இருக்கு. ஊர்ல குழந்தை எதையாவது விழுங்கினா ஆட்டோ புடிச்சுப் பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி. மலையில ஒரு சிற்றூர்ல இருந்து செம்மேடு வரணும். அங்க முடியலைன்னா காரவள்ளிக்கு வளைஞ்சு வளைஞ்சு இறங்கி நாமக்கல் போகணும், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல. தொண்டையில மாட்டின பட்டன் எழுபது வளைவு வரைக்கும் காத்திருக்காது. சோதனை துறைமுகத்துல நடக்கணும், ஆம்புலன்ஸ்ல இல்லை.

"பத்து ரூவா பொம்மைக்கு இவ்வளவு அலப்பறையா?"

கேப்பீங்கன்னு தெரியும். நியாயமான கேள்விதான். ரெண்டு துறை சோதிச்சா செலவு கூடும், பத்து ரூபா பொருள் பதினஞ்சு ஆகும், ஏழைக் குழந்தைக்கு அதுவும் கிடைக்காமப் போகும்னு சொல்லலாம். சட்டம் கூடக் கூட லஞ்சமும் கூடும்னும் சொல்லலாம்.

என் பதில் ரெண்டு. ஒண்ணு, சோதனை ஒவ்வொரு பொம்மைக்கும் இல்லை, சரக்குல மாதிரி எடுத்துத்தான். ஆயிரக்கணக்குல வர்ற பெட்டிக்கு ஒரு சோதனைச் செலவு, தலைக்குப் பைசாக் கணக்குதான் வரும். ரெண்டு, இப்ப மட்டும் செலவு இல்லைன்னு யார் சொன்னது? செலவை அந்த அக்கா தலையில வெச்சிருக்கோம். நாளைக்கு ஒரு அதிகாரி மலை ஏறி வந்தா, முத்திரை இல்லாத பொம்மை வித்ததுக்கு மாட்டப் போறது சரம் வாங்கித் தொங்கவிட்ட அவங்கதான். எண் போட்டவர் எங்கயோ ஏ.சி ரூம்ல இருப்பார்.

கைவினைஞர்களை இதுல இழுக்க வேண்டாம். பதிவு பண்ணின கைவினைஞர்கள் பண்ற பொம்மைக்கும், புவிசார் குறியீடு வாங்கின பொம்மைக்கும் அந்தத் தர ஆணையில இருந்து விலக்கு குடுத்திருக்காங்க. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஆடிட்டே இருக்கலாம்.

அப்ப என்னதான் வேணும்னு கேட்டா:

முதல்ல, வரிக்கு ஒரே பேர் போதும். வெற்றிலை வழக்குல சொன்ன மாதிரி, வாங்கறவன் எதுக்காக வாங்கறான்னு பாருங்க. மிட்டாய் தீர்ந்த பிறகும் பையன் அதை வெச்சு விளையாடறான்னா அது பொம்மை. சந்தேகமே வேண்டாம்.

ரெண்டாவது, பாதுகாப்புக்கு ரெண்டு பேரும் வேணும். இதுக்குப் புதுச் சட்டம் கூடத் தேவையில்லைங்க. அந்தத் தர ஆணையிலயே பொம்மைன்னா 14 வயசுக்குக் கீழ உள்ளவங்க விளையாடறதுக்காகப் பண்ணினது, அதுக்கு மட்டுமேன்னு இல்லாட்டியும் கூட, அப்படின்னு விளக்கம் இருக்கு. இந்த "அதுக்கு மட்டுமேன்னு இல்லாட்டியும்"ங்கறதுதான் நம்ம துருப்புச் சீட்டு. மிட்டாய் எண்ல வந்தாலும் அது பொம்மையும்தான். 1704-லயோ 1806-லயோ விளையாட்டுச் சாமானோட வர்ற சரக்குன்னா கம்ப்யூட்டர் ரெண்டு வாசலையும் திறக்கணும், அவ்வளவுதான். 9503-ல மிட்டாய் இருந்தாலும் அப்படியே.

மூணாவது, 70-க்கும் மிட்டாய் வரிக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தைக் கொஞ்சம் தூர்க்கணும். கூந்தல் எண்ணெய் கதை நமக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான். பொய் சொன்னா லாபம்னு இருக்கற வரைக்கும் எந்த விதியும் நிக்காது.

வரி வாங்கறவங்களுக்கு ஒரு பொருள் ஒண்ணாத்தான் இருக்க முடியும், கணக்கு எழுதணுமே. குழந்தைக்கு அப்படி இல்லை. அவனுக்கு அது ஒரே நேரத்துல மிட்டாயும் பொம்மையும்தான், அதனாலதான் அழுது வாங்கறான். வரிக்கு ஒரு பேரை வெச்சுக்கங்க சார். சோதிக்கும்போது மட்டும் அவன் கண்ணால பாருங்க.

டிஸ்கி: துறைமுகம், கிளியரிங் ஏஜென்ட் வேலை பார்க்கற பதிவர்கள் யாராவது இருந்தா, இந்த மாதிரிச் சரக்கு நிஜத்துல எந்த எண்ல இறங்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஜவ்வு மிட்டாய் வாட்ச் கட்டினவங்க சும்மா வந்து கும்மி அடிச்சுட்டுப் போனாலும் சந்தோஷம்தான். :-)